கபேஜ்டவுனில் ஒரு விக்ரோரியா காலத்து வீடு: திருத்தத் தொடங்குமுன் படிக்கவேண்டிய முழு வழிகாட்டி

கனடாவுக்கு வந்த புதிதில் நான் இருந்தது ரொறொன்ரோ சென்ற் ஜேம்ஸ் டவுனில், 14ஆம் மாடியில். நம்மவர்கள் பலருக்கு அதுதான் முதல் விலாசம். பல்கனியில் நின்று கீழே பார்த்தால் மேப்பிள் மரங்களுக்கு இடையே கூரான கூரைகள் வரிசையாகத் தெரியும். இவ்வளவு பழைய வீடுகளை ஏன் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்ததுண்டு. பிறகு ஒரு மேசனுக்குக் கையாளாகப் போனேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் என் பிழைப்பு.

அந்த இடம் கபேஜ்டவுன். 1840களின் கடைசியில் வந்த ஐரிஷ் ஏழைகள் வீட்டு முன்வளவில் பூ வைக்காமல் கோவா (கபேஜ்) நட்டதால் வந்த பெயர் என்பார்கள். உண்மையில் அந்தப் பழைய கபேஜ்டவுனின் பெரும்பகுதி ஜெராட் வீதிக்குத் தெற்கே இருந்தது. 1948இல் தொடங்கிய றீஜன்ற் பார்க் குடியிருப்புக்காக அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். வடக்கே டொன் வேல் என்று இருந்த பகுதிக்குப் பெயர் மட்டும் இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்தவர்கள்தானே நாங்களும்.

இது அங்கே வீடு வாங்கியவர்களுக்கும், வாங்க யோசிப்பவர்களுக்கும். உங்கள் வீடு 1870க்கும் 1900க்கும் இடையில் கட்டிய செங்கல் வீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கைவைத்த வீடுகளில் பெரும்பாலான சேதம், பிறகு வந்தவர்கள் செய்த திருத்தத்தால் வந்தது. மெல்லிய செங்கலுக்கு இடையில் இறுகிய சீமெந்தை வைத்திருப்பார்கள். ஈரம் வெளியேறும் வழியை அடைத்திருப்பார்கள். ஆகவே எந்த வரிசையில் செய்கிறீர்கள், எந்தப் பொருளை வைக்கிறீர்கள் என்ற இரண்டையும் கவனியுங்கள். குசினியும் குளியலறையும் கடைசி. தண்ணீரும் சுவரும் முதல்.

படி 1: வீட்டின் வயதையும் உடம்பையும் அறியுங்கள்

வீடு விற்றவர் சொன்ன வருடத்தை நம்பவேண்டாம். நகர ஆவணக்காப்பகத்தில் வரி மதிப்பீட்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. பழைய நகர விலாசப் புத்தகங்களை இணையத்திலேயே பார்க்கலாம். எனக்குப் பிடித்தது சார்ள்ஸ் கோட் நிறுவனம் தீக்காப்புறுதிக்காக வரைந்த வரைபடங்கள். 1884 முதல் ரொறொன்ரோவுக்குப் பல பதிப்புகள் உண்டு. செங்கல் கட்டடத்துக்குச் சிவப்பும் மரக் கட்டடத்துக்கு மஞ்சளும் பூசியிருப்பார்கள். ஒரு பதிப்பில் உங்கள் காணி வெறுமையாக இருந்து அடுத்ததில் வீடு நின்றால், இடைப்பட்ட காலத்தில் கட்டியது.

நிறத்தை வடிவாகப் பாருங்கள். வீதிப் பக்கம் மெல்லிய சிவப்புக் கோடு, பின்னால் முழுக்க மஞ்சள் என்றால் உங்கள் வீட்டுக்குச் செங்கல் முகம் மட்டுந்தான். பின்னால் மரச்சட்டம், அதன்மேல் பூச்சு. அப்படியான வீடுகள் அங்கே நிறைய. இதை அறியாமல் ஒரு சுவரை உடைத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

அப்புறம் வீட்டின் வடிவம். இரண்டு மாடிக்கும் மேலே போகும் முகப்புப் பிதுக்கம், அதில் மூன்று பக்கமும் உயரமான யன்னல்கள், உச்சியில் கூரான முகடு, முகட்டில் செதுக்கிய பலகை. இது ரொறொன்ரோவுக்கே உரிய பாணி. ஒடுங்கிய காணியில் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரக் கண்ட வழி. பெரும்பாலும் இரட்டை வீடுகளாக, கண்ணாடியில் பார்த்ததுபோல ஒட்டி நிற்கும். நடுச்சுவர் இருவருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்காமல் அந்தச் சுவரிலோ கூரையிலோ கைவைக்கவேண்டாம்.

படி 2: அனுமதி

கபேஜ்டவுனின் பெரும்பகுதி ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பகுதியில் வரும் பாதுகாப்பு மாவட்டங்களுக்குள் இருக்கிறது. சட்டம் 1975இல் வந்தது. வெளித்தோற்றத்தை மாற்ற மரபுரிமை அனுமதி வேண்டும். வீட்டின் உள்ளே பொதுவாக இந்த அனுமதி தேவையில்லை. தனிப்பட்ட முறையில் நான்காம் பகுதியின் கீழ் பதிவான வீடென்றால் உள்ளேயும் சில அம்சங்கள் அடங்கலாம். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கட்டட அனுமதி இதற்குப் புறம்பானது. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது.

பலர் நகரசபையின் மரபுரிமைப் பிரிவை எதிரியாகப் பார்க்கிறார்கள். என் அனுபவம் வேறு. வரைபடம் கீறுவதற்கு முன்னமே நாலு படங்களுடன் போய்க் கேட்டால், இது ஓடும், இது ஓடாது என்று சொல்லிவிடுவார்கள். சேதத்தை மரபு முறையில் திருத்துவதற்கு நகரம் மானியமும் தருகிறது. வேலை தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது, முன்னரே விண்ணப்பிக்கவேண்டும்.

படி 3: மழையில் நின்று பாருங்கள்

வீட்டுப் பரிசோதகரின் அறிக்கை கையில் இருக்கட்டும். ஆனால் நல்ல மழை பெய்யும் நாளில் குடையுடன் வெளியே போய் அரைமணி நேரம் வீட்டைச் சுற்றி நில்லுங்கள். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி எங்கே பொங்குகிறது? வடிகுழாய்ப் பொருத்தில் எங்கே ஒழுகுகிறது? தண்ணீர் சுவரோடு தேங்குகிறதா, விலகி ஓடுகிறதா? மழை விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து, ஒரு பகுதிச் செங்கல் மட்டும் கறுத்துக் கிடந்தால் அங்கேதான் நோய்.

வடிகுழாயை நகரச் சாக்கடையோடு இணைத்து வைத்திருக்க ரொறொன்ரோவில் அனுமதி இல்லை. பழைய இணைப்பு இருந்தால் துண்டித்து மூடி, சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளித் தண்ணீரை விடுங்கள். நிலம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியட்டும். இந்த மலிவான வேலையைச் செய்யாமல், பேஸ்மென்ற்றில் ஈரம் என்று பல ஆயிரம் டொலருக்கு உள்ளே பூச்சு அடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பூச்சு இரண்டு வருடத்தில் அப்பளம்போலக் கழன்று விழும்.

பேஸ்மென்ற்றில் இன்னும் இரண்டு பாருங்கள். கழிவுநீர்க் குழாய் பழைய களிமண் குழாயாக இருக்கும். பொருத்துகளில் மரவேர் புகுந்திருக்கும். கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நகரக் குடிநீர் உள்ளே வரும் குழாயை ஒரு நாணயத்தால் சுரண்டுங்கள். வெள்ளிபோலப் பளிச்சிட்டு, காந்தம் ஒட்டாவிட்டால் அது ஈயம். உங்கள் பக்கத்துக் குழாயை நீங்கள் மாற்றினால், நகரம் தன் பக்கத்தை இலவசமாக மாற்றிக்கொடுக்கும் திட்டம் உண்டு.

கூரை தாழ்வான பேஸ்மென்ற்றைத் தோண்டி ஆழமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பொறியியலாளர், அனுமதி, பக்கத்து வீட்டுக்காரர் மூன்றும் இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்கவேண்டாம்.

படி 4: தூசு கிளம்புமுன் ஆபத்தைத் தேடுங்கள்

1960க்கு முந்திய பெயின்ற்றில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி மின்கருவியால் தேய்க்கவேண்டாம். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் சொல்லவே தேவையில்லை. கூரைத்தட்டில் பளபளக்கும் சிறு துணுக்குகளாக வெர்மிகுலைற் என்ற வெப்பக்காப்புப் பொருள் கிடந்தால் கிளறாமல் இறங்கி வந்துவிடுங்கள். 1990க்கு முன் விற்றதில் பெரும்பங்கு அஸ்பெஸ்ரஸ் (நுரையீரலுக்கு ஆபத்தான நார்) கலந்த சுரங்கத்திலிருந்து வந்தது. பழைய சூட்டுக் குழாய்களைச் சுற்றிய வெள்ளை உறையும் சந்தேகத்துக்குரியது.

மின்சாரம்: பேஸ்மென்ற்றின் மேலே தளத்தைத் தாங்கும் மர வளைகளைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் சுற்றி, மரத்தைத் துளைக்கும் இடத்தில் பீங்கான் குழாய்க்குள்ளால் போகும் தனித்தனி வயர்கள் தெரிந்தால் அது 1940களுக்கு முந்திய அமைப்பு. அதற்கு நிலத்தொடுப்பு (எர்த்) இல்லை. காற்றில் வெப்பம் தணியும் என்று நம்பி அமைத்தது. அதன்மேல் பஞ்சுக் காப்பைப் பரப்பினால் சூடு தங்கும். காப்புறுதி நிறுவனங்கள் பல இதைக் கண்டாலே கையை விரிக்கும். ஆகவே வீடு வாங்கும் முன்னரே இன்சூரன்ஸ்காரரிடம் கேளுங்கள். ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத்தான் அமர்த்தவேண்டும்; வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் போகவேண்டும். சுவரை மூடுமுன் இதை முடியுங்கள்.

படி 5: செங்கலும் சுண்ணாம்பும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

அந்தக் காலத்துச் செங்கலை அருகில் பார்த்திருக்கிறீர்களா? இரும்புச் சத்துள்ள களி சிவப்பாகும், சுண்ணாம்பு கூடிய களி மஞ்சளாகும். சிவப்புச் சுவரில் மூலைக்கும் யன்னல் தலைக்கும் மஞ்சள் வைத்து அழகு பார்த்தார்கள். 1889இல் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கிய செங்கற்சூளை கபேஜ்டவுனுக்கு எட்டிய தூரத்தில்தான். இன்று அது எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ் என்ற பெயரில் சந்தையும் பூங்காவுமாக இருக்கிறது. அந்தக் கற்களுக்கு, பாண் மாதிரி, சுட்ட மேற்தோல் கொஞ்சம் கடினம், உள்ளே மெல்லியது. தோல் போனால் உள்ளே இருப்பது தண்ணீரைக் குடிக்கும்.

அவற்றை ஒட்டியது சுண்ணாம்புச் சாந்து. சுவருக்குள் புகும் ஈரம் மெல்லிய சாந்து வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். வீடு கொஞ்சம் அசைந்தால் சாந்துதான் விட்டுக்கொடுக்கும், கல் தப்பும். நூறு வருடத்தில் சாந்து தேய்ந்துபோகும், புதிதாக வைத்தால் சரி. யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டுச் சுவர்களும் இப்படித்தான் நின்றன. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு நீற்றிய சாந்து அது. எங்கள் தாத்தாமாருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லாத விஷயம்.

இதில் சீமெந்தை வைத்தால் என்ன நடக்கும்? சீமெந்து செங்கலைவிடக் கடினம், ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியாகத்தான் வெளியேறவேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரியும். ரொறொன்ரோவில் ஒரே குளிர்காலத்தில் எத்தனையோ முறை உறைந்து உருகும். ஒவ்வொரு முறையும் கல்லின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுப்படும்.

நானே செய்த பிழை. வேலை பழகிய காலத்தில், என்னை வைத்திருந்த ஒப்பந்தக்காரர் சொன்னபடி ஒரு முன்சுவர் முழுக்கச் சீமெந்துச் சாந்து வைத்தோம். முடிந்த அன்று பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஐந்து குளிர்காலம் கழித்து அந்த வழியால் போனேன். நான் வைத்த சாந்துக் கோடுகள் தேன்கூட்டுச் சட்டம்போல முன்னால் துருத்தி நின்றன, கற்கள் உள்ளே குழிந்திருந்தன. கீழே பூப்பாத்தியில் சிவப்புச் சிராய்கள். ஒன்றை எடுத்தேன், விரலால் நசுக்க மாவாகிவிட்டது. வீட்டுக்காரர் என்னை அடையாளம் காணவில்லை. நானும் நிற்கவில்லை.

சரி, முறை இதுதான்.

முதலில் ஓர் ஆணியால் பழைய சாந்தைக் கீறுங்கள். எளிதில் உதிர்ந்து வெண்மையாக, சில இடத்தில் சுண்ணாம்புக் கட்டிகளோடு இருந்தால் பழையது. ஆணி வழுக்கினால் சீமெந்து. நன்றாக இருக்கும் சாந்தைத் தொடவேண்டாம். முழுச் சுவரையும் மாற்றுகிறேன் என்று வருபவர் உங்களிடம் காசு பார்க்க வருகிறார். பெரும்பாலும் பீலிக்குக் கீழும், புகைபோக்கியிலும், நிலத்தோடு ஒட்டிய சில வரிசைகளிலும்தான் தேய்ந்திருக்கும்.

தேய்ந்ததை ஒடுக்கமான உளியும் சுத்தியலும் கொண்டு ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு எடுங்கள். குறைந்தது பொருத்தின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. மின்சார வட்ட வெட்டியை (கிறைண்டர்) கொண்டுவரும் ஆளைத் திருப்பி அனுப்புங்கள். நிலைக்குத்துப் பொருத்துகளில் அது மேலும் கீழும் கல்லை வெட்டாமல் நிற்காது. அந்தத் தழும்பு மாறாது.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். நிறம் மணலால் வருவது. பழைய சாந்தின் உட்பகுதியை உடைத்துப் பார்த்து மணலைத் தேர்ந்தெடுங்கள். மாதிரியாக ஒரு சிறு இடத்தில் வைத்து, காய விட்டுப் பார்த்துப் பிறகு மிச்சத்தைத் தொடங்குங்கள். பொருத்தைத் தண்ணீரால் நனைத்து, படைபடையாக இறுக்கி நிரப்புங்கள். பெருவிரலை அழுத்தினால் அடையாளம் விழாத பதம் வந்ததும் கடினமான தும்புத் தூரிகையால் தட்டிவிடுங்கள். அப்போதுதான் மேற்பரப்பு திறந்து ஈரத்தை விடும். காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். வெயிலில் கெதியாகக் காய்ந்தால் மாவாகிவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் காப்பாற்றுங்கள்.

காலம் முக்கியம். 5 பாகைக்குக் கீழே இந்த வேலை ஓடாது. முதல் உறைபனிக்கு முன் பல கிழமை இறுக நேரம் வேண்டும். மே நடுப்பகுதியில் தொடங்கி செப்ரெம்பர் தொடக்கத்தோடு முடியுங்கள். ஒக்ரோபரில் வந்து செய்துதருகிறேன் என்பவருக்குச் சுண்ணாம்பு தெரியாது.

சுவரைச் சுத்தமாக்க மணலை ஊதும் வேலை வேண்டவே வேண்டாம். கல்லின் தோலை உரித்துவிடும். செங்கலுக்குப் பெயின்ற் அடிப்பதும் தண்ணீர் புகாத திரவம் பூசுவதும் அதே கதைதான்.

படி 6: யன்னல்

யன்னல் விற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். பழைய யன்னலால் காசு குளிரோடு பறக்கிறது என்பார்கள். பாதி உண்மை. பழைய யன்னலில் குளிர் வருவது பெரும்பாலும் இடைவெளிகளால். கண்ணாடியைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. சட்டத்துக்கு வெண்கலத் தகடு அடைப்பும், வெளியே ஒரு குளிர்கால யன்னலும் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். இந்தச் சட்டங்கள் பழங்காட்டு மரம், நெருங்கிய வரி. இன்று அப்படி மரம் கிடைக்காது. புதிய இரட்டைக் கண்ணாடியின் அடைப்பு ஒருநாள் விட்டுப்போகும். உள்ளே பனிமூட்டம் படிந்தால் திருத்தமுடியாது, கண்ணாடிக் கூட்டை மாற்றத்தான் வேண்டும்.

மேலும் கீழும் இழுக்கும் யன்னல் இறுகிக் கிடந்தால் பெயின்ற்தான் காரணம். ஈயத்துக்குரிய முகமூடியோடு, நனைத்து, கூரான தகட்டால் வெட்டிவிடுங்கள். பக்கத்துச் சலாகையை மெதுவாக நெம்பினால் கீழ்ச்சட்டம் வெளியே வந்துவிடும். பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே, சட்டத்தின் பாரத்தைச் சமன்செய்யும் இரும்புக் குண்டு கறல் பிடித்து, அறுந்த கயிற்றோடு கிடக்கும். ஒருமுறை ஒரு வீட்டில் குண்டோடு பழைய செய்தித்தாள் துண்டும் ஒரு சிறுவனின் பளிங்குக் குண்டும் கிடந்தன. பளிங்கைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

சட்டத்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு குண்டும் சேர்ந்து அதன் நிறைக்கு ஏறக்குறையச் சமமாக வேண்டும். மேற்சட்டத்துக்குக் குண்டு கொஞ்சம் கூட, கீழ்ச்சட்டத்துக்குக் கொஞ்சம் குறைய. அப்போதுதான் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். புதிய பருத்திக் கயிறு கட்டுங்கள். ஆளி எண்ணெய்ப் புட்டி வைத்து, தோல் பிடிக்க விட்டு, பிறகு பெயின்ற் அடியுங்கள். பெயின்ற் கண்ணாடியின்மேல் இரண்டு மில்லிமீற்றர் ஏறட்டும், தண்ணீர் உள்ளே போகாது. நெளிநெளியாகத் தெரியும் பழைய கண்ணாடி உடைந்திருக்காவிட்டால் எறியவேண்டாம்.

படி 7: உள்ளே

மெல்லிய மரச்சிலாகைகள்மேல் பூசிய பழைய சுண்ணப் பூச்சு வெடித்திருந்தால் உடனே உடைத்து அட்டைப் பலகை (ட்றைவோல்) போடத் தோன்றும். கையால் அழுத்திப் பாருங்கள். துள்ளினால் பூச்சு சிலாகையை விட்டுவிட்டது. அகன்ற வாஷர் வைத்துத் திருகாணியால் இறுக்கி, மேலே மெல்லிய பூச்சு போடலாம். உடைப்பதென்றால் ஒரு நூற்றாண்டுத் தூசு உங்கள் தலையில்.

வெப்பக்காப்பை முதலில் கூரைத்தட்டில் போடுங்கள், பயன் அங்கேதான் கூட. செங்கற்சுவரின் உட்பக்கம் தடித்த காப்பு போடுவது பற்றி அவசரப்படவேண்டாம். வீட்டுச் சூடு கிடைக்காத சுவர் ஈரமாகவே இருக்கும். அதில் செருகிய வளைகளின் நுனி உக்கத் தொடங்கும். பழைய சுவர் தெரிந்த ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

படி 8: முகட்டுப் பலகையும் முன்விறாந்தையும்

எல்லோரும் முதலில் தொட நினைப்பது இதை. நான் கடைசியில் வைப்பது, மேலே பீலி ஒழுகினால் எந்தப் பெயின்ற்றும் நிற்காது என்பதால். உக்கிய மரத்தை முழுதாகக் கழற்றவேண்டாம். கத்தியால் குத்தி எங்கே உறுதியான மரம் தொடங்குகிறதோ அங்கே வெட்டி, அதே வகை மரத்தால் ஒட்டுப்போடுங்கள். செதுக்கு வேலை பாதி போயிருந்தால் இரட்டை வீட்டின் மறுபாதியைப் பாருங்கள். அதே அச்சு அங்கே இருக்கும். புதிய துண்டு ஒவ்வொன்றுக்கும் பொருத்துமுன்னமே எல்லாப் பக்கமும் அடிப்பூச்சு, முக்கியமாக வெட்டிய நுனிக்கு. நுனி தண்ணீரை உறிஞ்சுவதுபோல வேறெதுவும் உறிஞ்சாது.

நிறம் உங்கள் விருப்பம். பக்கத்தில் நெக்ரொபொலிஸ் மயானத்துச் சிற்றாலயம் நிற்கிறது. 1872இல் ஹென்றி லாங்லி வடிவமைத்தது. ஒருநாள் போய் அதன் மரவேலையையும் கல்வேலையையும் நின்று பாருங்கள், பெயின்ற் கடை மாதிரி அட்டையைவிட உதவும்.

வீடு முடிந்த பிறகு வருடத்துக்கு ஒரு வேலை. நொவம்பரில் மேப்பிள் இலை முழுக்கக் கொட்டி முடிந்ததும் ஏணி வைத்துப் பீலியைத் துப்புரவாக்குங்கள். மரத்தில் பாதி இலை இருக்கும்போதே ஏறினால் அடுத்த கிழமை மறுபடி ஏறவேண்டி வரும்.